அரிவாளைக் கிரைண்டரில் காட்டாதீர்கள் ஐயா!

இரண்டு நிமிஷம். இரண்டே நிமிஷத்தில் அப்பாவின் அரிவாள் நாசம்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் வாழைக்கொல்லை. தார் வெட்டுகிற நேரத்தில் அரிவாள் மழுங்கிக் கிடந்தது. சாணைச் சக்கரத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வருவாரே, அவரைப் பார்த்துப் பல வருஷம் ஆச்சு. சரி என்று வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். "குடுங்கண்ணே, ரெண்டே நிமிஷம்" என்றான் பையன். கேட் கம்பியில் பிசிறு எடுக்கிற அதே கிரைண்டர். மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. பொறி பறந்தால் கூர் ஏறுகிறது என்று யாரய்யா சொன்னது?

வீட்டுக்கு வந்து பார்த்தால் வாயோரம் முழுக்க நீலம் பாய்ந்திருக்கிறது. நீலம் தெரிந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரிச் சூட்டைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, பதம் பார்த்துத் தண்ணீரில் முக்கி ஆசாரி ஏற்றிய தோய்ச்சல், அதாவது வாயின் கெட்டித்தன்மை, அத்தோடு போச்சு. முதல் நாள் சவரமே பண்ணலாம் போல இருந்தது; பத்துத் தாருக்குள் வாய் மடங்கிவிட்டது. வாழை ஐயா, வாழை! தண்ணீரும் நாருமாக இருக்கிற மரம். அதையே இழுத்து இழுத்து அறுக்கிறேன்.

அடுத்த கூத்து என்னுடையது. கார்பைடு என்கிற கெட்டி உலோகத் துண்டுகள் இரண்டுக்கு நடுவே கத்தியை இழுக்கிற சாதனம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். அரிவாளின் கனம் அதற்குள் நுழையவே இல்லை. காய்கறிக் கத்தியை இழுத்தால் இரும்பைச் சுரண்டித் துப்புகிறது. இதற்கிடையில் மச்சினன் கருக்கரிவாளைத் தூக்கிக்கொண்டு வருகிறான், "இதையும் இழுத்துக் குடுங்க அத்தான்" என்று. பல் வைத்த அரிவாளடா அது! இழுத்தால் பல்தான் போகும். ஆசாரி உளி வைத்து மறுபடி கருக்கு வெட்ட வேண்டும்.

கடைசியில் தீட்டுக்கல்தான். ஆனால் வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் வந்தது. கடையில் கல்லின் நம்பர் (ஏற ஏற நைசு) கேட்டால், "எல்லாமே நல்ல கல்லுதான் சார்" என்கிறார். 400 ஒரு பக்கம், 1000 மறு பக்கம் இருந்தால் போதும் எனக்கு. அடுக்களைக் கத்தியைக் கல்லில் 15, 20 டிகிரி சாய்த்துப் பிடித்தால் சரி. மட்டையும் கட்டையும் வெட்டுகிற அரிவாளுக்கு 25 வேண்டும், இல்லையென்றால் வாய் பெயரும். மரமேறிகள் பலகையில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடி தூவித் தீட்டுவார்கள். தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறவன் என்று திட்டுகிறோமே, அந்த மரம் இதுதான். அதில் பொறியும் இல்லை, நீலமும் இல்லை.

இன்றோடு மூன்று நாளாகத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்கிறேன். நீலம் பாதிதான் போயிருக்கிறது, தோள்பட்டை முழுசாகப் போய்விட்டது. காலையில் பட்டறை வழியாகப் போனால் அந்தப் பையன் கேட்கிறான்: "என்னண்ணே, நம்ம கூர் எப்படி?"