அடிப்பாகத்துக் கறுப்புப் பூச்சு துரு இல்லை என்பதற்குச் சான்றாகாது
பழைய வண்டி வாங்குவது பற்றி, "அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்) துரு இருக்காது, நம்பி வாங்கலாம்" என்று சொல்லப்படுவது சரியன்று. பெட்டி வடிவச் சட்டங்களுக்குள் சேறு தங்கி வடிகால் துளைகள் அடைபட்டால், உட்புறத்திலிருந்தே இரும்பு அரிபடத் தொடங்கும் என்பதால், வெளிப்பூச்சின் பளபளப்பு உள்நிலையைக் காட்டாது. விற்பதற்குச் சற்று முன் அடித்த பூச்சு என்றால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். பின்சக்கரங்களுக்கு மேலே சட்டம் வளையும் பகுதியையும், ஸ்பிரிங் தாங்கிகள் பற்றவைக்கப்பட்ட இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்போ மந்தமாக ஒலிப்பதோடு செதில் செதிலாக உதிரவும் கூடும். ஆக்சில் (சக்கர அச்சு) உறையில் படிந்த மெல்லிய செந்துருவுக்காக (பார்க்கத்தான் அசிங்கம்) வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கும் சட்டத்தை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.