லைவ் போட்டாயிற்று, ஒரு பிரதி எடுத்து வைத்தீர்களா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது முகநூலில் லைவ் போகாத திருவிழா இல்லை. மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தைக் கட்டாரில் வேலைக்கு நிற்கும் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டோடு பார்க்கிறது. கொக்கட்டிச்சோலையில் தேர் அசையும்போது சுவிசில் இருக்கும் பெரியம்மா பத்துத் தடவை கைகூப்பிய படம் போடுகிறா. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு ஊருக்கு வர முடியாத எத்தனையோ பேர் போனைப் பார்த்தே அழுகிறார்கள். கம்ப்யூட்டர், இணையம் என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். இந்த இணையம் நம் ஊருக்குச் செய்த ஆகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த லைவ்களுக்கு இப்போது ஒரு மாதம்தான் ஆயுள். இது பலருக்குத் தெரியாது.

2025 பெப்ரவரி 19 முதல் முகநூலில் புதிய விதி. நேரலைக் காணொளி 30 நாள் பக்கத்தில் இருக்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்பு போட்ட பழைய லைவ்களையும் எடுத்துவிடுவோம், அறிவித்தல் வந்ததிலிருந்து 90 நாளுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த அறிவித்தல் பக்கத்தை நடத்துபவருக்குத்தான் போகும். நம் கோயில் பக்கங்களைத் தொடங்கியவர் யார்? பெரும்பாலும் ஊரில் இருந்த ஒரு தம்பி. அவர் இப்போது துபாயிலோ லண்டனிலோ இருப்பார், பழைய மின்னஞ்சலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

நிறுவனம் சொன்ன காரணம், லைவ் காணொளிகளை மக்கள் முதல் சில வாரங்களில்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்பது. சாரி விற்கிற லைவுக்கு அது சரி. கூத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. இன்னும் இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை தன் அப்பப்பா கர்ணனுக்கு ஆடினதைத் தேடும். அந்தப் பிள்ளைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கூத்து என்று சும்மா சொல்லிவிட முடியாது. சீலாமுனை, முனைக்காடு, மகிழடித்தீவு, வந்தாறுமூலை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரு கூத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. ஆளுக்கு ஆள் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டும் வசனமும், கொடுத்து, ஆட்டம் பழக்கி, ஒத்திகையாகக் கிழமைக்கூத்து வைத்து, சதங்கை அணிந்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். இரவு தொடங்கினால் விடியும்வரை வட்டக்களரி என்கிற வட்ட மேடையில் ஆட்டம். கூத்தைப் பழக்கி நடத்துகிற ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு முழு இரவும் நிற்பார். அந்த மனிதருடைய கையில் இருக்கிற தாளக்கட்டு எந்தக் கொப்பியிலும் எழுதி முடிகிற ஒன்றல்ல. பாட்டை எழுதலாம், வசனத்தை எழுதலாம். அடியை எப்படி எழுதுவது? வீடியோதான் அதற்கு ஏடு.

ஏடு என்றதும் எஃப். எக்ஸ். சி. நடராசாவை நினைத்துக்கொள்கிறேன். ஓலையில் கிடந்த மட்டக்களப்பு மான்மியம் என்ற நம் ஊர்ச் சரித்திர நூலைப் பதிப்பித்து 1962இல் அச்சில் கொண்டுவந்தவர். 16 வருடம் கழித்து, 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடி, கல்லடி, கல்முனைப் பக்கம் எத்தனை குடும்பத்தின் கலியாண அல்பம் அதோடு போனது என்று ஊரில் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். நமக்கு இழந்து பழக்கம். அதனாலேயே இதில் நாம்தான் மற்ற எவரையும்விட முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இணையம் என்றால் என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அதன் சரித்திரம் நேர்மாறாக இருக்கிறது. ஜியோசிட்டீஸ் என்று ஒரு தளம் 1994இல் தொடங்கியது. சாதாரண மக்கள் சொந்தமாகப் பக்கம் கட்டின முதல் பெரிய இடங்களில் ஒன்று. 1999இல் யாஹூ அதை வாங்கியது, 2009 ஒக்டோபரில் மூடியது. இலட்சக்கணக்கான பக்கங்களை ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாக இறக்கி வைத்ததால்தான் ஒரு பகுதியாவது தப்பியது. ஓர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டெம்பர் 30இல் போனது. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை பாடகர்கள் ஏற்றின பாடல்கள், சுமார் 5 கோடி, சேர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019இல் தெரியவந்தது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முடிந்தன. நம்முடைய புலம்பெயர்ந்த ஆட்கள் தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் தமிழில் எழுதிப் பழகினது அப்படியான மின்னஞ்சல் குழுமங்களில்தான்.

அதே காலத்து வலைப்பூக்களின் கதை வேறு. 2004, 2005 வாக்கில் தமிழில் வலைப்பூ எழுதினவர்கள் நிறையப் பேர். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, அதை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுகிற காலம் அது. அந்தத் தளங்கள் பல செத்துவிட்டன. ஆனால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டால் பல பக்கங்கள் இன்றைக்கும் அப்படியே திறக்கின்றன. ஏன் தெரியுமா? அவை திறந்த வீதியில் இருந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவை புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கினார். அன்றிலிருந்து அவர்களுடைய நிரல்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக நடந்து பிரதி எடுக்கின்றன. 2001இல் அந்தப் பிரதிகளை எல்லாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். முகநூலுக்குள் அந்த நிரல்கள் பெரும்பாலும் நுழைய முடியாது. கணக்கு இல்லாமல் உள்ளே போக முடியாத மதில் அது. தேடுபொறிக்கும் அங்கே பெரிதாக எதுவும் தெரியாது. 2005இல் யாரோ மட்டக்களப்புத் தயிரைப் பற்றி வலைப்பூவில் எழுதினதை நான் தேடி எடுக்கலாம். 2017இல் முகநூலில் ஒரு அண்ணன் எழுதின அருமையான கூத்துக் கட்டுரையைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. பழையது காணாமல் போய்ப் புதியது மிஞ்சினால் விளங்கிக்கொள்ளலாம். இங்கே புதியதுதான் முதலில் போகிறது.

இதையும் முகநூலில்தானே எழுதுகிறாய் என்பீர்கள். ஆமாம், ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் கதைக்க வேண்டும். முகநூலை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. லைவ் போடுங்கள், நன்றாகப் போடுங்கள். அது வெளியூர்ப் பிள்ளைகளுக்கு. ஊருக்கென்று ஒரு பிரதி வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பிரதியை லைவிலிருந்து இறக்குவதைவிடத் தனியாகப் பதிவதே நல்லது. சிக்னல் இறங்க இறங்க லைவின் படம் மங்கும், நடுவில் நின்றும்விடும். இன்னொரு போனை முக்காலியில் வைத்துப் படுக்கையாகப் பதியுங்கள். முகத்தைக் கிட்டப் பிடிக்கிற ஆசையை விடுங்கள். கூத்தின் இரண்டு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி காலில் இருக்கிறது. கால் தெரியாத கூத்து வீடியோ பழகுகிறவனுக்கு உதவாது. களரி முழுதும் சட்டகத்துக்குள் வரட்டும். சத்தம் இன்னும் முக்கியம். லவுட்ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று பதிந்தால் மத்தளம் இரைச்சலாகத்தான் கேட்கும். பழைய போன் ஒன்றில் ஒலிப்பதிவை மட்டும் ஓடவிட்டு அண்ணாவியாருக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரண்டையும் சேர்க்கலாம். சல்லரி என்கிற தாளத்தின் சத்தம் கூடத் தெளிவாக விழும்.

இடம் காணாது என்ற பயம் வேண்டாம். சாதாரண 1080 தரத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 130 மெகாபைட் வரை போகும். எட்டு மணிநேரக் கூத்து என்றால் 30 முதல் 60 கிகாபைட். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பதினைந்து இரவுக்கு மேல் அடங்கும். கோயில் செலவில் ஒரு நாள் வாணத்துக்குப் போகிற காசில் ஒரு பங்கு போதும், நிர்வாகம் மனம் வைத்தால்.

வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன், அதுவே போதும் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்று படத்துக்குள் பதிந்திருக்கும் விபரத்தையும் நீக்கிவிடும். கட்டாயம் அனுப்பத்தான் வேண்டும் என்றால் டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள். 2 கிகாபைட் வரை கோப்பு உள்ளபடியே போகும்.

அப்புறம் ஒரு டிஸ்க் மட்டும் போதாது. ஆவணம் பேணுகிறவர்கள் சொல்கிற கணக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அந்த மூன்றாவது விடயம் உயிர் விடயம். களுவாஞ்சிகுடியில் ஒன்று இருந்தால் கண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இன்னொன்று இருக்கட்டும். இணையத்தில் வைப்பதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது, காசு கேட்பதில்லை, ஏற்றின மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்கும். அதுவும் 2024 ஒக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் முடங்கிக் கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நமக்கென்று 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, ஒலி, ஒளி, படங்களுக்கு ஆவணகம் என்று தனித் தளமும் வைத்திருக்கிறார்கள். யூடியூபிலும் போடலாம். ஆனால் கோயில் லவுட்ஸ்பீக்கரில் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு போனால் உரிமைக் கோரிக்கை வந்து சத்தத்தை வெட்டிவிட இடமுண்டு. அதை ஒரே பிரதியாக நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர். கோப்பின் பெயரில் ஊர், கூத்தின் பெயர், திகதி மூன்றும் யூனிகோட் தமிழில் இருக்கட்டும். கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் அண்ணாவியார் யார், எவர் எந்தப் பாத்திரம், ஏடு பார்த்துப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற ஏட்டு அண்ணாவியார் யார், உடுப்புக் கட்டினவர் யார் என்று எழுதுங்கள். விபரம் இல்லாத வீடியோ இருந்தும் பயனில்லை.

இதில் ஒரு தயக்கமும் எனக்கு உண்டு. எல்லாவற்றையும் பதியலாம், எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டலாம் என்று நான் நினைக்கவில்லை. அம்மன் கோயில்களில் பூசை செய்கிற கட்டாடியார் வேண்டாம் என்று சொல்கிற சடங்குகள் இருக்கின்றன. அங்கே போனைப் பையில் வைத்துவிட வேண்டும், வாதாடக் கூடாது. கூத்துக்காரரிடமும் கேட்க வேண்டும். நான் பேசின ஒரு வயதான அண்ணாவியார், "படம் புடிக்கிறது நல்லதுதான் மகன். ஆனா என்ர பேரில்லாமப் போடாதீங்க. நான் பழக்கின ஆட்டத்தை வேற ஆரோ பழக்கினதெண்டு போட்டிருந்தாங்க," என்றார். அவர் கேட்டது காசு இல்லை, பெயர். அதைக்கூட நாம் கொடுக்கவில்லை என்றால் எத்தனை டெராபைட் வைத்திருந்தும் நியாயம் இல்லை.

கூத்தை மட்டும் நான் சொல்லவில்லை. காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்தில் கம்பால் அடித்து ஆடும் பொல்லடிக்காரர்கள் இருக்கிறார்கள், நாட்டுக் கவி பாடுகிற மூத்தம்மாமார், அதாவது பாட்டிமார், இருக்கிறார்கள். நெல் வெட்டுகிற மெஷின் வந்தபிறகு சூடு மிதிக்கிற களத்தில் பொலிப் பாட்டுப் பாடுகிறவர் எவரும் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயது போய்விட்டது. முன்பு ஒரு காலத்தில், மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதாகச் சொல்லும் சத்தத்தை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு இயேசு சபைப் பாதிரியார் தோணியில் போய் வாவிக்குள் மைக் இறக்கிப் பதிந்தார், வானொலியில் அது ஒலிபரப்பாகியது. அவ்வளவு பெரிய மெனக்கெடல் தேவைப்பட்ட காலம் அது. இன்றைக்கு மூத்தம்மாவின் பக்கத்தில் போனை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

பழைய கசட்டுகள் விடயம் இன்னும் அவசரம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஸ்டூடியோக்காரர்கள் விஎச்எஸ்ஸில் பிடித்த கூத்தும் கலியாணமும் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. உலகத்தில் கடைசியாக வீடியோ டெக் செய்துகொண்டிருந்த ஜப்பான் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் பழுதானால் புதிதாக வாங்க முடியாது.

என் வீட்டில் நன்றாக ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறது, கணினிக்கு மாற்றுகிற கருவியும் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை எந்த ஊரென்றாலும் கூத்து, கோயில், கவி, ஊர்ச் சடங்கு இருக்கிற கசட் இருந்தால் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். காசு வேண்டாம். கோப்பு உங்களுக்கு, கசட்டும் உங்களுக்கே திரும்ப வரும். எங்கே பகிரலாம், பகிரவே கூடாதா என்பதை நீங்களும் ஆடினவர்களும்தான் முடிவு செய்வீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால், ஓடுதா பார்ப்போம் என்று எந்த டெக்கிலும் போட வேண்டாம். நாடா அறும், டெக்கின் ஹெட்டும் கெடும். வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். காய்ந்த இடத்தில் அப்படியே வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து எடுக்கிறேன்.