ஒரே நாயகனுக்கு எத்தனை பெயர்கள்தான் வைப்பீர்கள்?

கேப்டன் டைகர் என்று சொன்னவுடன், தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த எவருக்கும் உடைந்த மூக்கும் மழிக்காத தாடியுமாய் அந்த அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அதே பெயரை இணையத்தில் தட்டித் தேடினால், அவருக்குத் தொடர்பே இல்லாத நூறு விஷயங்கள் வந்து விழுகின்றனவே தவிர, அவர் வருவதில்லை. காரணம், தமிழுக்கு வெளியே அவர் பெயர் டைகர் அல்ல, புளூபெர்ரி. எழுத்தாளர் ழான் மிஷெல் ஷார்லியேயும் ஓவியர் ழான் ஜிரோவும் 1963-இல் பிலோத் என்ற பிரெஞ்சு வார இதழில் அவரை அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயர் அது. அந்த ஜிரோதான் பின்னாளில் மோபியஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர். மோபியஸின் கனவுலக ஓவியங்களை வியந்து பகிர்ந்துகொள்ளும் தமிழ் நண்பர்களிடம், "நீங்கள் பள்ளி நாட்களில் விழுந்து விழுந்து படித்த டைகரை வரைந்த கையும் இதுதான்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் திகைத்துப் போகிறார்கள். இதை அவர்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

இதில் எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. புளூபெர்ரி என்பது அவருடைய பிறவிப் பெயரும் அல்ல. அவருடைய இளமைக்காலக் கதைகளில் அவர் மைக் டோனோவன் என்ற தென்மாநிலப் பண்ணைக்காரரின் மகன். செய்யாத கொலைக்குப் பழி சுமந்து, உள்நாட்டுப் போர் நடக்கும் வேளையில் வடக்கு நோக்கித் தப்பியோடும் அவரிடம் வடபடை வீரர்கள் பெயர் கேட்கிறார்கள். உண்மைப் பெயரைச் சொல்ல முடியாத நிலையில், எதிரே காய்த்திருந்த புளூபெர்ரிப் புதரைப் பார்த்து அதையே தன் பெயராகச் சொல்லிவிடுகிறார். அந்த மனிதனின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கட்டத்தில் அடங்கியிருக்கிறது: பிறந்த மண்ணையும் குடும்பத்தையும் இழந்து, கண்ணில் பட்ட செடியின் பெயரைப் போர்த்திக்கொண்டு வாழும் ஒருவன். புலியே இல்லாத அந்த மண்ணில் தமிழ்ப் பதிப்பகத்தார் அவருக்கு டைகர் என்று பெயர் சூட்டிவிட்டால், அந்தப் புதருக்கு என்ன வேலை? வீரமாக ஒலிக்கிறது என்பதற்காக ஒரு பாத்திரத்தின் ஆணிவேரையே பிடுங்கிவிட்டார்களே என்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இது ஒரு மொழிக்குள் நடக்கும் குழப்பம் மட்டுமல்ல. லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரரை ஆங்கிலத்தில் ஃபேன்டம் என்பார்கள். இந்தியில் அவர் வேதாள், வங்காளத்தில் அரண்யதேவ். தமிழிலோ ஒரு பதிப்பகத்தில் வேதாளர், இன்னொரு பதிப்பகத்தில் மாயாவி. கொல்கத்தாவைச் சேர்ந்த அலுவலக நண்பர் ஒருவரும் நானும் எங்கள் சிறுவயது நாயகர்களைப் பற்றி வெகுநேரம் பேசியும், இருவரும் ஒரே ஆளைத்தான் கொண்டாடுகிறோம் என்பது தெரியவே இல்லை. அடிபட்டவன் தாடையில் பதியும் மண்டையோட்டு முத்திரையை அவர் ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் விளங்கியது. அரண்யதேவ் அருமையான பெயர், அதில் எனக்குக் குறையே இல்லை. வேதாளர் என்பதும் பொருத்தமானதுதான். சாவே இல்லாதவர் என்று காட்டுவாசிகள் நம்பும் ஒருவருக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்காது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

மாயாவி என்ற பெயரால் வரும் தொல்லை இன்னும் கொடுமை. தமிழ் வாசகர்களுக்கு 1970-களிலிருந்தே மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தப் பிரிட்டிஷ் நாயகர். காட்டில் குதிரையேறித் திரியும் முகமூடி வீரருக்கும் அதே பெயரை வைத்தால் வாசகன் என்ன செய்வான்? பழைய புத்தகம் விற்பவர் ஒருவர் தொலைபேசியில் "மாயாவி வந்திருக்கிறது, சீக்கிரம் வாருங்கள்" என்று சொன்னதை நம்பி, வெயிலில் இரண்டு பேருந்து மாறிப் போய், நான் தேடியது இல்லை என்று கண்டு திரும்பியிருக்கிறேன். விற்றவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அட்டையில் இருந்ததைத்தான் அவர் படித்துச் சொன்னார்.

பெயரை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இருக்கும் இடங்களும் உண்டு. இந்திரஜால் காமிக்ஸ் 1964-இல் ஃபேன்டம் கதைகளை இந்தியாவில் வெளியிடத் தொடங்கியபோது, அவர் வாழும் பெங்காலி என்ற கற்பனை நாட்டை டெங்காலி என்றும், சிங் கொள்ளையர்களைச் சிங்கா கொள்ளையர்கள் என்றும் மாற்றினார்கள். இந்திய வாசகர்களின் மனம் நோகக்கூடாது என்று யோசித்துச் செய்த மாற்றம் அது, ஏற்றுக்கொள்கிறேன். ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுச் சித்திரக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஆன்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிட்ஜும் அந்த நாயகன் வாழும் ஊர் ஏறத்தாழ முழுவதற்குமே புதுப் பெயர் வைத்தார்கள். பாட வாயெடுத்தாலே ஊரே அலறும் அந்தப் பாணருக்குப் பிரெஞ்சில் 'எல்லா ஆபத்துக்கும் காப்பீடு' என்ற பொருளில் பெயர். அது ஆங்கிலத்தில் எடுபடாது என்பதால், அபசுரம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து ககோஃபோனிக்ஸ் என்று உருவாக்கினார்கள். குட்டி நாய் இதேஃபிக்ஸுக்கு டாக்மாட்டிக்ஸ் என்று வைத்தபோது, பிடித்த பிடியை விடாத குணமும் நாயும் ஒரே சொல்லில் சேர்ந்துகொண்டன. மூலத்தை மதித்து, மூளையைக் கசக்கிச் செய்த வேலை இது. மூலத்தை எழுதிய கோசினி, வரைந்த உடெர்சோ என்ற பெயர்களோ அட்டையிலிருந்து காணாமல் போகவில்லை.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமா? இரும்புக்கை மாயாவி என்ற பெயரை வைத்தவர்களுக்குத் தமிழ் எவ்வளவு கைவந்திருக்கிறது! ஆங்கிலப் பெயரில் வெறும் எஃகு நகம்தான் இருக்கிறது. மறைந்து திரியும் அந்த மாயத்தைச் சேர்த்தது நம்மவர்கள்தான். அப்படிப்பட்ட பெயரைச் சூட்டத் தெரிந்தவர்களுக்கு, முதல் பக்கத்தின் அடியில் மூலப் பெயரையும் மூலத் தலைப்பையும் எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் அச்சிடுவது மட்டும் ஏன் இத்தனை காலம் பாரமாக இருந்தது? அண்மைக்காலப் பதிப்புகள் சிலவற்றில் இவை இடம்பெறுகின்றன என்பது மகிழ்ச்சியே. ஆனால் கைமாறிக் கைமாறி வரும் பழைய இதழ்கள் பலவற்றில் எதுவும் இல்லை. எந்தக் கதை மூலத்தில் எந்தப் புத்தகம், எதற்குப் பின் எது என்பதை வாசகர்களே படங்களை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

"சிறுவர்கள் படிப்பது, இவ்வளவு விவரம் அவர்களுக்கு எதற்கு" என்ற பதிலை இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். இன்று இவற்றைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்களில் நரை விழுந்தவர்கள் ஏராளம். டைகர் டைகராகவே இருக்கட்டும். இத்தனை ஆண்டுப் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த மறுபதிப்பில் அவர் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்திலாவது, புளூபெர்ரி என்றும் ஷார்லியே, ஜிரோ என்றும் போடுங்கள்.