"தேவையற்றது" என்பது ஒரு காரணமா?

யாரும் திருத்தக்கூடிய நம் இணையக் கலைக்களஞ்சியத்தில், திமிங்கலம் கட்டுரையில் நான் சேர்த்ததை இன்னொரு பயனர் நீக்கிய விவகாரம் இங்கே எல்லோருக்கும் தெரியும், முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஆனால் மூன்று நாளாக உள்பெட்டியில் "விடுங்க, ஒரு எழுத்துக்குப் போய் இவ்வளவு சண்டையா" என்றே வந்துகொண்டிருப்பதால் எழுத வேண்டியதாகிவிட்டது.

முதலில் ஒன்று. நான் திமிங்கலத்தைத் திமிங்கிலமாக மாற்றவில்லை. தலைப்பைத் தொடவே இல்லை. முதல் பத்தியில் "திமிங்கிலம் என்றும் எழுதுவர்" என்று மூன்று சொல் சேர்த்தேன். கூடவே சொற்பிறப்பு இரண்டு வரி: திமி என்றால் பெருமீன், அதை விழுங்குவது திமிங்கிலம். அகராதி மேற்கோளும் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அந்தப் பயனர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரே சொல்: "தேவையற்றது".

யாருக்குத் தேவையற்றது? ஏன்? அதைத்தான் கேட்கிறேன், வேறொன்றும் கேட்கவில்லை.

நான் இரண்டு முறை திரும்பச் சேர்த்தேன். தப்புதான், முதல் தடவையே கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கம் போயிருக்க வேண்டும். அவர் மூன்று முறை எடுத்தார். கணக்காக மூன்று. இருபத்து நான்கு மணி நேரத்தில் மூன்றைத் தாண்டினால் தடை வரும் என்ற விதி அவருக்கு மனப்பாடம். அது எல்லைக்கோடுதான், தினசரி மூன்று இலவசம் என்று அர்த்தமில்லை என்பதும் அதே விதியில் இருக்கிறது. அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்புறம் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். நான்கு வரி, மரியாதையாக. அவர் வரவில்லை. வேறொருவர் வந்து "இருவர் எதிர்ப்பு, ஒருவர் ஆதரவு, இணக்க முடிவு எட்டப்பட்டது" என்று முடித்து வைத்தார். இணக்க முடிவு என்பது தலை எண்ணுவதா? வாதத்தை எடைபோடுவது இல்லையா? எடைபோட அங்கே எதிர்வாதம் என்று ஒன்று இருந்தால்தானே. "தேவையற்றது" என்ற ஒரு சொல்லை எந்தத் தராசில் வைப்பது?

இது நம் களஞ்சியத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் யோகர்ட் (தயிர்) என்ற சொல்லில் எச் (h) என்ற எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று 2003-இலிருந்து 2011 வரை இழுத்தார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமையாக இருக்கிறது. அத்தனை வருடமும் பேசியிருக்கிறார்கள்! இரண்டு பேர் முட்டிக்கொண்டால் மூன்றாவது ஆளிடம் கருத்துக் கேட்க அங்கே வழி உண்டு. அதிலும் தீராவிட்டால் பொதுவில் கருத்துக் கோரலாம், வழக்கமாக முப்பது நாள் ஓடும். நடுவர் குழுகூட உண்டு. அந்தக் குழுவோ எழுதியது சரியா தப்பா என்று தீர்ப்பே சொல்லாது, ஆட்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் விசாரிக்கும். சமரசக் குழு ஒன்றும் இருந்தது, 2018-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். ஆக, எழுதியதைப் பற்றிய சண்டைக்கு மேலே இருந்து தீர்ப்பு வராது. நாமேதான் பேசித் தீர்க்க வேண்டும்.

"மேற்கோள் பழைய அகராதி" என்கிறார்கள். சொற்பிறப்புக்குப் புத்தம்புது அகராதி எதற்கு? "கட்டுரை உயிரினத்தைப் பற்றியது, சொல்லைப் பற்றியது இல்லை" என்றார் இன்னொருவர். இது யோசிக்க வேண்டிய வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அங்கே பேச்சுப் பக்கத்தில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இங்கே என் பதிவுக்குக் கீழே வந்து சொல்கிறார். "உங்களுக்குத் தன்முனைப்பு" என்பவர்களுக்குப் பதில் இல்லை. சம்பளம் இல்லாத வேலையைப் பதினொரு வருடமாக ராத்திரி கண்விழித்துச் செய்கிறவனுக்குக் கொஞ்சம் தன்முனைப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

(திமிங்கிலத்தையே விழுங்குவதற்கு வடமொழியில் திமிங்கிலகிலம் என்று பெயர் உண்டு. அதையும் சேர்க்க நினைத்திருந்தேன். நல்லவேளை.)

சரி, சொல்லாமல் விட்டால் நாளைக்கு யாராவது தோண்டி எடுத்துப் போடுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு புதுப் பயனர் தேனீக்களைப் பற்றி நான்கு பத்தி எழுதினார். ஒரே சொடுக்கில் அத்தனையையும் நீக்கி மீளமைத்தேன். அவருடைய பக்கத்தில் முன்பே எழுதிவைத்த எச்சரிக்கை வாசகம் (வார்ப்புரு) ஒன்றையும் ஒட்டினேன். "ஐயா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று என் பேச்சுப் பக்கத்தில் கேட்டார். கொள்கைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் பதிலாகப் போட்டேன். அந்த மனிதர் ஒரு மேற்கோள்கூடத் தரவில்லை, அது வேறு, இது வேறு என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அவருடைய பங்களிப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மொத்தம் ஏழு தொகுப்பு, எல்லாம் ஒரே இரவில். ஏழாவது, என்னிடம் கேட்ட அந்தக் கேள்வி. நேரம் 1:40.

வேறு ஒன்றுமில்லை. இரண்டும் ஒன்றுதான்.

அதனால் திமிங்கில வரிகளை எடுத்தவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் புதியவன் இல்லையே! எனக்கே இந்த நிலை என்றால் நேற்று கணக்குத் தொடங்கியவர் கதி என்ன? சரி, அது இருக்கட்டும்.

நேற்றிரவு அறிவிப்பு வந்தது. பேச்சுப் பக்கத்தில் அவரேதான் ஏதோ எழுதியிருக்கிறார். ஆவலாகப் போய்ப் பார்த்தேன். பதில் இல்லை. என் நான்கு வரியில் விட்டுப்போயிருந்த ஒரு 'க்'கைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். தொகுப்புச் சுருக்கம்: "ஒற்றுப்பிழை".