மேயரைப் பார்த்தால் ஒன்றும் நடக்காது

டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் வீடுகளுக்குப் பின்பக்கம் ஒரு சந்து ஓடும். கார் நிறுத்தும் வாசல், குப்பைத் தொட்டி எல்லாம் அந்தப் பக்கம்தான். அதில் எங்கள் வீட்டுக்கு நேராக இருந்த கான்கிரீட் பாளம் ஒரு பக்கமாக உள்வாங்கிவிட்டது. ஒரு மழை பெய்தால் நாலு நாளைக்குத் தண்ணீர் நிற்கும். கொசு வேறு. நகராட்சி ஆப்பில் படம் எடுத்துப் போட்டேன். ‘பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே ‘பெறப்பட்டது’தான்.

பக்கத்து வீட்டு நண்பரின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காலை நடைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குட்டையை நின்று பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். “இதைப் போய் ஏன் தம்பி போன்ல எழுதிக்கிட்டு இருக்கீங்க? கவுன்சிலரைப் பாருங்க, மேயரைப் பாருங்க. நேர்ல ஒரு வார்த்தை சொன்னா மறுநாளே ஆள் வந்து நிக்கும்.”

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று இருவரும் ஒரு மாலை மன்றக் கூட்டத்துக்குப் போனோம். பேர் கொடுத்தால் மூன்று நிமிடம் பேசலாம். மைக் பக்கத்தில் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பேசினேன். யாரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, மேயர் நன்றி சொல்லி அடுத்தவரை அழைத்தார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை அங்கே விவாதிக்க டெக்சாஸ் சட்டம் விடாது. கூட்டம் முடிந்ததும் எங்கள் கவுன்சிலர் தாழ்வாரத்தில் வந்து கை கொடுத்தார். “ஊழியர்களிடம் நான் நேரடியாக வேலை சொல்லக் கூடாது. சிட்டி மேனேஜர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்” என்றார்.

காரில் ஏறியதும் பெரியவர் கேட்டார்: “ஒரு பள்ளத்தை அடைக்கச் சொல்லக்கூட அதிகாரம் இல்லைன்னா, இவருக்கு எதுக்கு தம்பி ஓட்டு?”

அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இந்தப் பகுதியில் இருக்கும் தமிழர்கள் பலர் பிளானோ, ஃபிரிஸ்கோ, இர்விங் என்று இருக்கிறீர்கள். எல்லாமே இதே ஏற்பாட்டில் நடக்கும் ஊர்கள்தான்.

ஏற்பாடு ரொம்ப எளிது. நாம் ஓட்டுப் போட்டு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். மன்றம் ஒரு சிட்டி மேனேஜரை வேலைக்கு வைக்கிறது. வரி எவ்வளவு, செலவு எதற்கு, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை மன்றம் முடிவு செய்யும். அதை நடத்திக் காட்டுவது மேனேஜர் வேலை. துறைத் தலைவர்களை நியமிப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் அவர்தான். பட்ஜெட்டை எழுதி மன்றத்தின் முன் வைப்பதும் அவரே. மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார், ரிப்பன் வெட்டுவார், பெரும்பாலும் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரு ஓட்டு. டாலஸில் மேயரோடு சேர்த்து மன்றத்தில் 15 பேர். தொலைக்காட்சியில் பேசுவது மேயராக இருந்தாலும், ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு மேலாளர் வேறொருவர்.

‘அப்ப நம்ம ஊர் கமிஷனர் மாதிரியா?’ என்று கேட்பீர்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் நம்ம ஊரில் ஆணையரை அனுப்புவது மாநில அரசு. மன்றத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் கோட்டைக்குப் போய்ச் சொல்லலாம், தானாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. சென்னையில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் அதிகாரிகளை வைத்தே மாநகராட்சி நடந்தது. இங்கே மன்றம் இல்லையென்றால் மேனேஜரே இல்லை. மன்றத்தில் பெரும்பான்மையோர் ‘இவர் போதும்’ என்று நினைத்தால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த யோசனை வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் வார்டு தாதாக்கள் ராஜ்ஜியம். துப்புரவு வேலை முதல் போலீஸ் வேலை வரை கட்சிக்காரன் கைகாட்டும் ஆளுக்குத்தான். 1900-ல் டெக்சாஸ் கடலோர ஊரான கால்வெஸ்டனைப் புயல் அடித்துக் குறைந்தது ஆறாயிரம் பேர் செத்த பிறகு, மன்றத்துக்குப் பதிலாகத் துறைக்கு ஒரு கமிஷனர் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊர் எழுந்தது. ஆனால் அவரவர் துறைக்கு அவரவர் ராஜா, மொத்தத்துக்கும் கேட்க ஆள் இல்லை. 1908-ல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் என்ற சின்ன ஊர், சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரைச் சம்பளத்துக்கு வைத்து ஊரை ஒப்படைத்தது. 1912-ல் தென் கரோலினாவின் சம்டர் அதை ஊரின் அடிப்படைச் சட்டமான சாசனத்திலேயே எழுதிக்கொண்டது.

பெரிய ஊர் ஒன்று துணிந்தது அடுத்த வருடம், அதுவும் வெள்ளத்தால். 1913 மார்ச்சில் ஒஹையோவின் டேட்டன் நகரில் கரை உடைந்தது. அந்த ஊரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியின் முதலாளி ஜான் பேட்டர்சன், தன் தச்சர்களை வைத்துத் தட்டையான படகுகளாகச் செய்து தள்ளினார். தொழிற்சாலையே நிவாரண முகாம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், போட்டிக் கம்பெனிகளை நசுக்கிய வழக்கில் அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்திருந்தார்கள். (பிறகு மேல்முறையீட்டில் அது ரத்தானது.) வெள்ளத்தில் ஊரைத் தூக்கியவர் அவர், ஊர் அவர் பேச்சைக் கேட்டது. கம்பெனியை இயக்குநர் குழு நடத்துவது போல ஊரையும் நடத்தலாம் என்று வெகு காலமாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். ஆகஸ்டில் புதிய சாசனத்துக்கு வாக்கு விழுந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி வெயிட் என்ற பொறியாளர் மேனேஜராக உட்கார்ந்தார்.

இந்தக் கம்பெனி உவமையில்தான் எனக்கு உறுத்தல். பங்குதாரருக்கு லாபம் ஒன்றுதான் கணக்கு. ஊர்க்காரனுக்கு அப்படி இல்லையே. கிழக்குத் தெருவுக்கு நூலகம் வேண்டும், மேற்குத் தெருவுக்கு வடிகால் வேண்டும். முதலில் யாருக்கு என்பது நிர்வாகக் கேள்வி இல்லை, அரசியல் கேள்வி. ‘அரசியலை வெளியே தள்ளுகிறோம்’ என்று சொன்ன சீர்திருத்தக்காரர்கள் பல ஊர்களில் வார்டையும் சேர்த்தே தள்ளினார்கள். ஊர் முழுக்க ஓட்டு வாங்குபவர்தான் உறுப்பினர் என்றால், ஒரு மூலையில் நெருக்கமாக வாழும் கறுப்பின மக்களும் மெக்சிகோ வழி வந்தவர்களும் தங்கள் ஆளை எப்படி ஜெயிக்க வைப்பது? டாலஸ் 1931-லேயே மேனேஜர் முறைக்கு வந்துவிட்டது. ஆனால் பதினான்கு உறுப்பினர்களும் அவரவர் வார்டிலிருந்து வர, வழக்கு நடந்து 1991 ஆனது.

இந்த முறை வந்தால் ஊழல் ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கான்சஸ் சிட்டி 1925-ல் இதற்கு மாறியது. ஒன்பது பேர் மன்றம். ஊர்த் தாதா டாம் பெண்டர்காஸ்ட் கணக்குப் போட்டார்: ஐந்து பேர் கையில் இருந்தால் போதும். ஐந்து பேர் வந்தார்கள், அவருக்கு வேண்டிய ஹென்றி மெக்கெல்ராய் மேனேஜர் ஆனார். 1939 வரை அவர்தான். பழைய முறையில் ஊரெல்லாம் ஆள் பிடிக்க வேண்டியிருந்த தாதாவுக்கு வேலை மிச்சம்!

கலிபோர்னியாவின் பெல் கதை இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஏழைகள் வாழும் சின்ன நகரம், மக்கள்தொகை நாற்பதாயிரம்கூட இல்லை. அதன் மேனேஜர் ராபர்ட் ரிஸ்ஸோ வருடத்துக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறார் என்று 2010-ல் பத்திரிகை வெளியிட்டது. பகுதி நேரக் கவுன்சிலர்கள் பெரும்பாலோருக்கும் ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர். இது எப்படிச் சாத்தியமானது? மாநிலம் வைத்திருந்த சம்பள வரம்பிலிருந்து தப்பிக்க ஊருக்குத் தனிச் சாசனம் வேண்டியிருந்தது. 2005 கடைசியில் அதற்கென்று ஒரு சிறப்புத் தேர்தல். ஓட்டுப் போட்டவர்கள் நானூறு பேர்கூடக் கிடையாது. 2014-ல் ரிஸ்ஸோவுக்குப் பன்னிரண்டு வருடச் சிறை.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் இந்த முறையின் பக்கம்தான். காரணம் அந்தத் தாழ்வாரத்தில் கவுன்சிலர் சொன்ன ஒரு வரி. ஊழியர்களுக்கு நேரடியாக வேலை ஏவக் கூடாது என்பது இப்படிப்பட்ட சாசனங்களில் அடிப்படையான விதி. அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் என் குட்டைக்கு மறுநாளே ஆள் வந்திருந்தால், கவுன்சிலரைத் தெரியாத, ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேச வராத இன்னொருவரின் குட்டை ஒரு இடம் பின்னால் போயிருக்கும். ஊரில் செல்வாக்குள்ள ஆளின் வீட்டு வாசல்வரை மட்டும் தார் போட்டுவிட்டு நிறுத்திய சாலைகளை நாம் பார்க்காததா?

எனக்கு இருக்கும் சண்டை வேறு. மேனேஜரைக் கேள்வி கேட்கும் ஒரே இடம் மன்றம். அந்த மன்றமோ எங்கள் ஊரில் வருடாந்திர மதிப்பீட்டைப் பூட்டிய அறைக்குள் நடத்திவிட்டு, வெளியே வந்து சம்பள உயர்வை மட்டும் அறிவிக்கிறது. என்ன இலக்கு கொடுத்தீர்கள், எதில் தேறினார், எதில் தவறினார் என்று ஒரு பக்கம் வெளியிட்டால் குடிமுழுகிப் போகுமா? இதைக் கேட்க வேண்டிய நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மே மாத நகரத் தேர்தலில் வாக்குச்சாவடியில் வரிசை என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. போன முறை எனக்கு முன்னால் நின்றவர் ஒருவர், பின்னால் நாய்க்குட்டியோடு ஒருவர்.

சரி, குட்டைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து ஒன்பதாம் நாள் மேனேஜர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஊரில் உள்ள சந்துகளை எல்லாம் பரிசோதித்து நூறுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்களாம். பட்டியலையும் இணைத்திருந்தார்கள். எங்கள் சந்து பாதிக்குக் கீழே இருந்தது, அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டில் முறை வரும் என்றார்கள். ஆறு மாதம் ‘பெறப்பட்டது’ என்று சொன்ன ஆப் இந்தப் பட்டியலை அன்றே காட்டியிருக்கலாம், அது தனிக் கடுப்பு.

நவம்பரில் வந்து பாளத்தை உடைத்து எடுத்துப் புதிதாக ஊற்றினார்கள். பெரியவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது.

“நல்லாத்தான் போட்டிருக்கான் தம்பி. கவுன்சிலர் பேரை எங்கேயும் எழுதக் காணுமே?”