அந்த கேக் போட்டோவ பத்தி

ராஜீவ் காந்தி கொலை வழக்குல உள்ள இருந்த ஆறு பேர் வெளிய வந்ததுக்கு கேக் வெட்டி கொண்டாடி ஒருத்தர் பேஸ்புக்ல போட்டோ போட்டிருக்காரு. நேத்து ராத்திரிலேர்ந்து அந்த கேக் போட்டோதான் கண்ணு முன்னாடி நிக்குது. யார் போட்டதுன்னு சொல்லல, என் லிஸ்ட்ல பாதி பேரு அதுக்கு ஹார்ட் போட்டிருக்கீங்க, உங்களுக்கே தெரியும்.

முதல்லயே சொல்லிடறேன், ஆறு பேரையும் சுப்ரீம் கோர்ட் விட்டதுல எனக்கு வருத்தமே இல்ல. 2011ல தூக்குக்கு தேதி குறிச்சப்ப வேண்டாம்னு தெருவுல நின்னவன் நான். 31 வருஷம் உள்ள இருந்தாச்சு, வீட்டுக்கு போகட்டும். ஆனா கேக் எதுக்கு? மாலை எதுக்கு? விடுதலை வேற, கொண்டாட்டம் வேற.

எங்கப்பா அப்ப ஏட்டு. 1991 மே 21 ராத்திரி பூந்தமல்லி ரோட்டுல பந்தோபஸ்து. ராஜீவ் வண்டி தாண்டி போனதும் அப்பாடா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு டீ குடிக்க போயிருக்காரு, கொஞ்ச நேரத்துல வயர்லெஸ்ல ஒரே கத்தல், அப்படியே ஸ்ரீபெரும்புதூருக்கு ஏத்திட்டு போயிட்டாங்க. மூணாம் நாள்தான் வீட்டுக்கு வந்தாரு. அம்மா காக்கிச்சட்டைய ஊற வச்சாங்க, பக்கெட் தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. அந்த சட்டைய அப்பா திரும்ப போடவே இல்ல. "தொப்பிய வச்சுத்தான்டா சில பேர அடையாளம் பாத்தோம்"னு ஒரே ஒரு தடவ சொன்னாரு.

அங்க செத்தது ராஜீவ் மட்டுமா? ஒம்போது போலீஸ்காரங்க. அவருக்கு கவிதை படிச்சு காட்டின பத்து வயசு பொண்ணு, கூடவே அந்த பொண்ணோட அம்மா. இந்த ஆறு பேரையும் பேரறிவாளனையும் சேத்து எழுவர் விடுதலைன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினோமே, இவங்கல்லாம் தமிழங்க இல்லியா?

உடனே பேரறிவாளன், குண்டுக்கு வாங்கிக் குடுத்ததா சொன்ன பேட்டரின்னு ஆரம்பிப்பீங்க. ஒத்துக்கறேன். 19 வயசு பையன், எதுக்கு வாங்கறோம்னு தெரியாதுன்னு அவர் சொன்னத எழுதாம விட்டேன்னு வாக்குமூலம் வாங்கின சிபிஐ ஆபீசரே பின்னாடி சொன்னாரு. அவரோட அம்மா அற்புதம்மாள் அலைஞ்ச அலைச்சல நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. பேரறிவாளன் 2022 மே மாசமே வெளிய வந்துட்டாரு, நான் பேசறது இந்த கேக்க பத்தி.

ராஜீவ் இலங்கைக்கு அனுப்பின இந்திய அமைதிப்படை, அந்த ஐபிகேஎஃப் பண்ணினது? பண்ணினாங்க. 1987ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து சுட்டாங்க, 1989ல வல்வெட்டித்துறை. நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். அதுக்கு கவிதை படிச்ச புள்ள என்ன பண்ணுச்சு?

சோனியா குடும்பமே மன்னிச்சிடுச்சு, உனக்கென்னன்னு ஒருத்தர் கேக்கறாரு. பிரியங்கா வேலூர் ஜெயிலுக்கே போய் இந்த ஆறு பேர்ல ஒருத்தரான நளினிய பாத்தாங்க, அது அவங்க பெரிய மனசு. அங்க செத்த போலீஸ்காரங்க பொண்டாட்டி கிட்ட யாராவது போய் கேட்டீங்களா?

குவாலியர்ல கோட்சேவுக்கு சிலை வச்சப்ப நம்ம எல்லாருமே கொதிச்சோம். அந்த கேக் போட்டோ போட்டவர் என்னை விட அதிகமா கொதிச்சாரு, அன்னிக்கு அவர் எழுதினத நான் ஷேர் பண்ணிருக்கேன். பஞ்சாப்ல இந்திராவ சுட்டவனோட மனைவியவும் அப்பாவையும் 1989ல எம்பி ஆக்கினாங்க, அதையும் தப்புன்னோம். மத்தவன் பண்ணினா வெறி, நம்மாளு பண்ணினா தியாகமா? கமெண்ட்ல கேட்டேன், "போலீஸ்காரன் புள்ள வேற எப்படி பேசுவான்"னு பதில் வந்துச்சு. இருபது வருஷ பழக்கம், என் கல்யாணத்துக்கு பந்தி பரிமாறினவர்.

ஆமா, போலீஸ்காரன் புள்ளதான்.

அப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு. டிவில பாத்துட்டு "விட்டுட்டாங்களா, சரி, போகட்டும்"னாரு, வேற ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் பேத்தி போன வாங்கி அவரும் பேஸ்புக் பாப்பாரு. அதுக்குள்ள அந்த போட்டோவ எடுத்துருங்க.