15 வருஷம் பெருசா, 45 வருஷம் பெருசா?

எங்கள் தாத்தா, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், அவர் இறந்ததற்கு ஊரில் வைத்த ஃப்ளெக்ஸ் விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம், முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று ஒருத்தர் போன் போட்டு, "ராணுவ வீரர்னு கௌரவப்படுத்துனதுக்கே கோவிச்சுக்கிட்டியாமே" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் டேங்க், மேலே ரெண்டு போர் விமானம், நடுவில் எங்கள் ஐயா. தலை மட்டும்தான் ஐயாவுடையது. உடம்பு யாரோ ஒரு ஆபீசருடையது, தோளில் நட்சத்திரத்தோடு. ஐயா ஹவில்தாராக வந்தவர், கையில் மூன்று பட்டை, அவ்வளவுதான். தனக்கில்லாத நட்சத்திரத்தைப் பார்த்திருந்தால் மனுஷன் பெட்டியிலிருந்து எழுந்து வந்து கிழித்திருப்பார். சரி, அது தெரியாமல் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். விவசாயி என்கிற வார்த்தை ஒரு மூலையில்கூட இல்லையே, அதுவும் தெரியாமலா? ஃப்ளெக்ஸ் வைத்தவனைக் கேட்டால், "விவசாயின்னு போட்டா எடுப்பா இருக்காது மாப்ள" என்கிறான்.

எடுப்பா இருக்காதாம்!

சீனப் போருக்கு அப்புறம் ஆள் எடுத்தபோது, 1963-ல் சேர்ந்தார். 65, 71 பாகிஸ்தான் சண்டை ரெண்டையும் பார்த்தார். 1978-ல் பென்ஷனோடு ஊருக்கு வந்தார். ஆக 15 வருஷம். அதற்கப்புறம் 45 வருஷம் கண்மாய்க்குக் கீழேதான் கிடந்தார். செட்டிநாடு என்றால் ஆத்தங்குடிக் கல்லும் கோழிக் குழம்பும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், இது வானம் பார்த்த பூமி என்பது யாருக்கும் வராது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. மடைத் தண்ணீர் முறை வருகிற ராத்திரிகளில் மூணு கட்டை பேட்டரி லைட்டோடு கிளம்புவார், ஆனால் லைட்டை அடிக்க மாட்டார். வாய்க்காலில் வெறுங்காலை வைத்து ஒரு நிமிஷம் நிற்பார். "மேல எவனோ வெட்டி விட்டுருக்கான்" என்பார். போய்ப் பார்த்தால் வெட்டித்தான் விட்டிருப்பான். இதை எந்த ஃப்ளெக்ஸில் போடுவீர்கள்?

சின்ன வயதில், "ஐயா, சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டேன். "மாட்டைப் பிடி, தண்ணி காட்டணும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவரே பேசாத 15 வருஷத்தை எட்டடிக்கு அச்சடித்துவிட்டு, 45 வருஷத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

சாமி கும்பிட்டதையாவது விட்டு வைத்தீர்களா? மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிலுவை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையைத் தவற விடாத ஆள். 1693-ல் புனித அருளானந்தர் வெட்டுப்பட்ட ஓரியூருக்கு வருஷா வருஷம் நடந்தே போய், அந்தச் சிவப்பு மண்ணைக் கொண்டுவந்து விதைநெல்லில் ஒரு சிட்டிகை கலப்பார். நவம்பர் வந்தால் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள், அதே மாதம் பென்ஷனுக்காக பேங்கில் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்தும் போட வேண்டும். "செத்தவங்களைப் பார்த்தாச்சு, நான் சாகலைன்னு சொல்லிட்டு வரேன்" என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

துக்க வீட்டில் ஃப்ளெக்ஸுக்குச் சண்டையா என்று கேட்கிறீர்கள். நான் சண்டை போடவில்லை, கேட்டேன். ராணுவத்தை மட்டம் தட்டுகிறாயா என்றால், போய் வேலையைப் பாருங்கள். அந்த பென்ஷனில்தான் என் அப்பாவும் அத்தையும் படித்தார்கள். மாஜி ராணுவத்தார் நாலு பேர், எல்லோருக்கும் எழுபதுக்கு மேல், வெயிலில் நின்று சல்யூட் அடித்தபோது எல்லோரையும்விட அதிகமாக அழுதது நான்தான்.

"சென்னையில் உட்கார்ந்துகொண்டு விவசாயத்தைப் பற்றி நீ பேசுகிறாயா" என்றும் ஒருவர். ஆமாம், சென்னையில்தான் இருக்கிறேன். ஐயாதான் போகச் சொன்னார். போன பொங்கலுக்கு, "வயலை ஒரு எட்டு பார்த்துட்டு வருவமா" என்று கூப்பிட்டார். ரயிலுக்கு நேரமாச்சு என்றேன். நேரம் இருந்தது. சீமைக்கருவேல முள்ளில் செருப்பு கிழியும் என்று போகவில்லை, அவ்வளவுதான் காரணம். அவர் தனியாகத்தான் போனார். அதனால் எனக்குப் பேச யோக்கியதை இல்லை என்றால், இல்லை. ஆனாலும் 45, 15-ஐ விடப் பெரிசுதான்.

ஃப்ளெக்ஸ் என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு: நேற்று ராத்திரி மழை. சித்தப்பா அதைக் கழற்றி வைக்கோல் படப்பு மேல் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறார். போனில் கேட்டேன். "நல்ல கெட்டியா இருக்குடா, ஒரு சொட்டு இறங்கலை" என்றார்.